குடிக்கூலியும் கடற்பங்கும்

வீடொன்றைக் கட்டி, அதனைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டு வாழ்தல் நேர்மையான சீவனமாகுமா? நமது முற்போக்கு வட்டாரங்களில் இக்கேள்வியை எழுப்பினால் விடை உடனே வந்துவிடும். உழைக்காது உண்பவர் சுரண்டுபவர். வீட்டுச் சொந்தக்காரர் உழைக்காது உண்கிறார். எனவே அவர் சுரண்டுபவரே. அதே கேள்வியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டாலும் தயக்கம் இராது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதைதான் வாடகைக்கு வீடு விடுபவனின் கதை என்பார் அவர். இவ்விரு விடைகளும் ஆராய்வதற்கு முன்னரே முடிந்துபோனவை. முன்னது ஒரு நூலிலிருந்து வந்தது. பின்னது ஒரு பழமொழியிலிருந்து வந்தது. குடியிருப்பவரும் வீட்டுக்குரியவரும் ஒரே வாசலில் முகம் பார்த்து வாழும்போது எழுகின்ற அறச்சிக்கலுக்கு இவையிரண்டும் போதா.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. இவ்வேட்டை வாசிப்போரிற் பலர் ஆசிரியர், பலர் மாணவர். ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கொண்டு வளவின் பின்புறத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி வாடகைக்கு விடும் ஆசிரியர் நம்மிடையே உளர். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அத்தகைய அறைகளில் இருந்து பல்கலைக்கழகத்திற்படிக்கும் மாணவரும் நம்மிடையே உளர். மாலைக் கூட்டத்திலே ஒரே வாங்கில் அமர்ந்து பொதுவுடைமை பேசுகின்ற இருவர், மாதத்தின் முதல் வாரத்தில் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குபவராக நிற்றல் கூடும். ஆகவே இதனை நம்மையே கேட்கும் கேள்வியாகக் கொண்டு ஆராய்தல் முறையாகும். ஆராய்ச்சிக்கு வானத்திலே கட்டிய வீடு உதவாது. ஓர் ஊர் வேண்டும். குருநகரை எடுத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே பரவைக்கடலை நோக்கிக் கிடக்கிறது குருநகர். முன்னர் கரையூர் என வழங்கிய இவ்வூர், புனித யாகப்பர் ஆலயத்தைச் சூழ்ந்து வளர்ந்த கடற்றொழிலாளர் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் நகரம், கிழக்கே பாசையூர். விரிந்து பரவ இடமில்லை. தோட்டக்காணி உள்ள வலிகாமத்துக் கிராமமொன்றில் குடும்பம் பெருகினால் வளவின் மூலையில் இன்னொரு வீடு எழும்பும். குருநகரிலோ குடும்பம் பெருகும், காணி பெருகாது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி வீடு மகளின் சீதனமாகப் போகும். மகள் இருவராயின் இரண்டாமவளுக்கு என் செய்வது? கட்டிய வீட்டை இரண்டாகத் தடுப்பர். இல்லையேல் இளங்குடும்பம் வாடகைக்கு இடம் தேடிப் புறப்படும். கரையோரத்தில் அரசு எழுப்பிய தொடர்மாடிக் குடியிருப்பும் இந்நெருக்கத்தை ஓரளவே தணித்தது.

இனி, அக்குடும்பத்தின் வருவாயைப் பார்ப்போம். கடல் மாதச் சம்பளம் தருவதில்லை. காற்று மாறினால் வள்ளம் கரையில் நிற்கும். மீன் படாவிட்டால் எண்ணெய்ச் செலவும் கைப்பிடித்தமாகும். 2022 ஆகஸ்டில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களை நம்பிய சிறு தொழிலாளரின் கணக்கு முழுவதும் குலைந்தது. வருவாய் நாட்கணக்கில் வருகிறது, சில நாள் வராமலும் போகிறது. வாடகையோ மாதக் கணக்கில், தவறாது, ஒரே அளவில் கேட்கப்படுகிறது. இவ்விரு காலக்கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையே குருநகரில் வாடகைப் பிணக்கின் வேர். ஒருவரின் தீயகுணத்தை அதற்குக் காரணமாகக் காட்டுதல் இரண்டாம்பட்சமே.

"அக்கா, இந்தக் கிழமை தொழில் இல்லை, வாற கிழமை கட்டாயம் தாறன்" என்கிறான் குடியிருப்பவன். "தம்பி, நீ சொல்லுறது எனக்கு விளங்குது, வங்கிக்காரனுக்கு விளங்காதே" என்கிறாள் வீட்டுக்குரியவள். இருவரும் பொய் சொல்லவில்லை.

அவ்வீட்டுக்குரியவள் யார் என்பதும் கருதத்தக்கது. நகர்ப்புறங்களில் வாடகை வீடு என்றவுடன் பத்து வீட்டுக்கு அதிபதியான பெருந்தனவந்தரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். இத்தகைய ஊர்களிலோ வீடு விடுபவர் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கே உரியவர். சிலவேளை அதன் பாதிக்கே உரியவர். 1986 யூன் 10ஆந் திகதி மண்டைதீவுக் கடலிலே குருநகர்த் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆந் திகதி புனித யாகப்பர் ஆலயத்தின்மீதே விமானக் குண்டு வீழ்ந்தது. உழைப்பவனைக் கடலிலும் கரையிலும் இழந்த குடும்பங்களுக்கு எஞ்சிய சொத்து நான்கு சுவரும் ஒரு கூரையுமாயின், அதிற் பாதியை வாடகைக்கு விட்டு உலையேற்றும் பெண்ணைச் சுரண்டல் வர்க்கத்தாள் எனப் பெயரிடுவது சொல்லை மலினப்படுத்துவதாகும்.

ஆயினும், உடையவர் ஏழையாயிருத்தல் ஒன்றே வாடகையை நியாயமாக்கிவிடாது. இரக்கம் வேறு, நீதி வேறு. எனவே வாடகை என்னும் பொருளையே பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

வாடகைக்குத் தமிழில் குடிக்கூலி என்ற பழைய சொல் ஒன்று உண்டு. கூலி உழைத்தவனுக்கு உரியது. வீடு உழைக்குமா? வீட்டில் உழைப்பு உறைந்து கிடக்கிறது என்பதே அதற்கு விடை. கல்லரிந்தவன், சாந்து குழைத்தவன், மரம் இழைத்தவன், இவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பத்தாண்டு மிச்சம் பிடித்தவன் ஆகியோரின் உழைப்பு அது. நாள்தோறும் அது சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஆகவே வாடகையில் முதற்கூறு தேய்மானம். குருநகரிலே இது சிறு தொகையன்று. உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும், பூச்சு உதிரும், கதவுப் பிணைச்சல் சில ஆண்டிலே உக்கிப்போகும். சோலைவரியும் இக்கூற்றிலேயே அடங்கும். இரண்டாவது கூறு, முன்னர் உழைத்துச் சேமித்தவருக்குக் கிடைக்கும் ஈடு. மூன்றாவது கூறு, இடத்தட்டுப்பாட்டினால் விளையும் மேலதிகம். முதலிரண்டும் வீட்டிலிருந்து வருவன. மூன்றாவது, மற்றவருக்கு வீடின்மையிலிருந்து வருவது.

இரண்டாவது கூறு எத்துணைச் சிறியது என்பதை வாடகைக்கு வீடு கட்ட எண்ணுவோர் பலர் அறிவதில்லை. கணக்கை விளக்குவதற்காக ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். 60 இலட்சம் ரூபா செலவிட்ட வீடு மாதம் 25,000 ரூபா வாடகை தருகிறது. ஆண்டுக்கு 3 இலட்சம். அதாவது முதலில் நூற்றுக்கு 5. ஒருவர் எழும்பி மற்றவர் வருவதற்கிடையே இரண்டு மாதம் வீடு வெறுமையாய்க் கிடந்தால் 50,000 போகும். திருத்த வேலைக்கும் வரிக்கும் இன்னுமொரு 50,000 போகும். எஞ்சுவது 2 இலட்சம். நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. வங்கியில் இட்டிருந்தாலே இதனினும் கூடுதலாகக் கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். கேட்பவர் 2022ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. அவ்வாண்டு செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ அண்மித்தது. வங்கியில் கிடந்த சேமிப்பு கண்முன்னே கரைந்தது. கல்லாகவும் சீமெந்தாகவும் நின்ற சேமிப்பு கரையவில்லை. முதுமைக்கும் நோய்க்கும் சமுதாயம் பொறுப்பேற்காத நாட்டிலே சிறுசேமிப்பாளர் செங்கல்லை நம்புவதற்குப் பேராசையை விட அச்சமே பெரிய காரணம்.

மூன்றாவது கூற்றின் தன்மை வேறு. 2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்தது. 2014 ஒக்தோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வங்கிகளும் நிறுவனங்களும் நகரை நோக்கி வந்தன. நகருக்கு அண்மையிலுள்ள வீடுகளின் வாடகை ஏறிற்று. இவ்வேற்றத்துக்காக வீட்டுக்காரர் ஒரு கல்லைத்தானும் கூடுதலாக வைத்தாரில்லை. வீதியும் தண்டவாளமும் பொதுப்பணத்தில் அமைந்தவை. அவற்றினால் விளைந்த மதிப்பு மாதந்தோறும் தனியார் பைக்குட் போகிறது. அப்பணத்தைக் கொடுப்பவனோ, அதே வீதியிலே மீன் கூடையை ஏற்றிச் செல்லும் தொழிலாளி.

1872இல் ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைத் தொடரை நம்மிற் பலர் பெயரளவிலே அறிவர். வாடகைக் குடியாளனுக்கும் வீட்டுக்காரனுக்குமிடையேயுள்ள உறவு, தொழிலாளிக்கும் முதலாளிக்குமிடையேயுள்ள உறவைப் போன்றதே என்று வாதித்தவர்களை அவர் அதில் மறுத்தார். முதலாளி தொழிலாளியின் உழைப்பிலிருந்து புதிய மதிப்பைப் பெறுகிறான். வீட்டுக்காரனோ ஏற்கெனவே உண்டான மதிப்பில் ஒரு பகுதியைக் கைமாற்றிக் கொள்கிறான். வாடகையில் ஏமாற்று நிகழலாம், கொள்ளையும் நிகழலாம். ஆயினும் சுரண்டலின் மூலம் அங்கன்று என்பதே அவர் முடிபு. வீட்டுக்காரரை ஒழித்துவிட்டால் அநீதி ஒழிந்துவிடும் என நம்புவோர்க்கு இது எச்சரிக்கை. அவரே வேறொன்றையும் சுட்டினார்: பெருநகர்களில் ஏற்கெனவே கட்டப்பட்டுள்ள கட்டடங்களை அறிவோடு பயன்படுத்தினால் உடனடி வீட்டுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கலாம் என்பது அது. பூட்டிய வீடுகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டாவது கருத்தே நம்மை அதிகம் உறுத்த வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

அதற்கு முன், குருநகர் தானே தன் தொழிலில் வைத்திருக்கும் ஒரு நியாயத்தை நோக்குவோம். வள்ளமும் வலையும் இயந்திரமும் ஒருவருடையவை. கடலுக்குச் செல்லும் கைகள் மற்றவருடையவை. பிடித்த மீனை விற்று, எண்ணெய் முதலிய செலவு கழித்து, எஞ்சியதைப் பங்காகப் பிரிப்பர். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று அது போகும். சம்மாட்டிமாரை நல்லவராக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. பங்கின் அளவில் அநீதி உண்டு, முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் கொடுமையும் உண்டு. ஆயினும் அம்முறையில் ஓர் உண்மை உண்டு: மீன் படாத நாளில் வள்ளத்துக்கும் பங்கில்லை. உடைமையும் உழைப்பும் கடலின் நட்டத்தைக் கூடியே ஏற்கின்றன. கரையேறி வீட்டுக்கு வந்தவுடன் இந்நியாயம் மறைந்துவிடுகிறது. கடல் தந்தாலென்ன, தராவிட்டாலென்ன, குடிக்கூலி குறையாது. நட்டம் முழுவதையும் குடியிருப்பவன் ஒருவனே சுமக்கிறான்.

வாடகையின் அறப்பிழை இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. பிறர் உழைப்பின் பயனில் உரிமை கோருபவர், அவ்வுழைப்பின் ஆபத்தில் பங்கேற்க மறுக்கும் அளவுக்கு அவர் உரிமை நியாயம் இழக்கிறது. தேய்மானம் எக்காலமும் கொடுக்கப்பட வேண்டியதே. மீன் படாத மாதத்திலும் உப்புக்காற்று ஓய்வதில்லை. ஆனால் அதற்கு மேற்பட்ட கூறுகள் குடியிருப்பவரின் நல்லகாலத்தோடும் கெட்டகாலத்தோடும் ஏறி இறங்குவதே முறை. தொழில் மந்தமான மாதங்களில் குறைத்து வாங்கி, தொழில் நடக்கும் மாதங்களில் நிரவிக் கொள்ளும் வீட்டுக்காரர், கடலின் பங்கு நியாயத்தையே வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கடன்பட்டு வீடு கட்டியவளின் மாதத் தவணையை வங்கி குறைத்துக் கொள்ளுமா? அவள் மட்டும் ஏன் ஆபத்திற் பங்கேற்க வேண்டும்? மறுப்பு நியாயமானதே. வாசலில் நிற்கும் இருவருக்கும் பின்னால் வாசலுக்கு வராத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். வட்டி வாங்குபவர் அவர். எந்த ஆபத்திலும் பங்கேற்காதவரும் அவரே. அக்காவும் தம்பியும் பிணக்குப்படும்போது அம்மூன்றாமவரை இருவரும் மறந்துவிடுகின்றனர். குறை கோருவதாயின் கூடிச் சென்று அங்கே கோருவதே அறிவுடைமை.

நமது முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே ஒற்றி பற்றிய விதிகள் உள. பணம் தேவைப்பட்டவர் காணியையோ வீட்டையோ ஒப்படைத்துப் பணம் பெறுவார், பணம் கொடுத்தவர் அதனை ஆண்டனுபவிப்பார், வட்டியுமில்லை, வாடகையுமில்லை, பணம் திரும்பும் நாளில் உடைமை திரும்பும். இருவரின் இரு தேவைகளும் நேருக்கு நேர் சந்திக்கும் ஏற்பாடு இது. ஆயினும் ஒற்றிக்குப் பெருந்தொகை கையில் வேண்டும். அன்றாடம் காய்ச்சிக்கு அது எட்டாக்கனி. திருப்ப முடியாத ஒற்றி ஈற்றில் அறுதியாகி, வீட்டையே விழுங்கிய கதைகளும் பல. பழையது என்ற காரணத்தால் அதனைப் பொற்காலமாகப் பாடவேண்டியதில்லை.

சட்டத்தின் வரலாறும் நமக்குப் பாடம் சொல்லும். 1915இல், போர்த்தளபாடத் தொழிலாளர் குவிந்த ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலிய பெண்களின் தலைமையில் குடியாளர் உயர்ந்த வாடகையைக் கொடுக்க மறுத்தனர். நவம்பரில் வழக்குக் கூப்பிட்ட நாளன்று கப்பற்பட்டறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தைச் சூழ்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பிரித்தானியா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையிலும் மற்றொரு போரின் நடுவே, 1942இல், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது; 1948இலும் 1972இலும் அது புதுப்பிக்கப்பட்டது. 1973இல், வீடமைப்பு அமைச்சராயிருந்த கொம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமனின் காலத்தில், வீட்டு உச்சவரம்புச் சட்டம் வந்தது. தாய் தந்தைக்கு இரண்டு வீடு, தங்கி வாழும் பிள்ளைக்கு ஒவ்வொன்று. மிகுந்தவை அரசைச் சேரும். குடியிருப்பவர் அவற்றை வாங்கலாம். பத்து வீட்டுக்காரனின் பிடியிலிருந்து பல குடும்பங்களை மீட்ட சட்டம் அது. அதன் பெருமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் சட்டம் 'வீட்டுக்காரர்', 'குடியாளர்' என்னும் இரு பெயர்களையே பெரிதும் கண்டது. அப்பெயர்களுக்குப் பின்னாலிருந்த தேவைகளைப் போதிய அளவு காணவில்லை. ஒரே வீட்டுக்குரியவர் தாம் குடியிருக்க அவ்வீடு வேண்டுமென வழக்காடி வென்றபோதும், குடியாளருக்கு மாற்று வீடு கிடைக்கும்வரை தீர்ப்பு நிறைவேறாது நின்ற வழக்குகள் உண்டு. குடியாளரைத் தெருவில் விடக்கூடாது என்ற நோக்கம் உயர்ந்ததே. ஆனால் மாற்று வீடு கொடுக்கும் கடமை அரசினுடையது. அரசு கட்டாத வீட்டின் சுமை ஒற்றை வீட்டு உடைமையாளரின் தலையில் வைக்கப்பட்டது. விளைவு யாது? விடுவதைவிடப் பூட்டி வைப்பதே நன்று எனச் சிறு உடைமையாளர் தீர்மானித்தனர். சட்டம் விலக்கியபோதும், வாடகைக்குப் புறம்பாகத் திறப்புக்கென ஒரு தொகை மேசைக்குக் கீழாகக் கைமாறியது. 1980இல் திருத்தம் வந்து, அதன்பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. போரின் பின் எழுந்த யாழ்ப்பாணத்து வாடகை வீடுகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்தின் கைக்கு எட்டாதவை. 2023இல் வந்த புதிய சட்டமோ, எழுத்துமூலம் குத்தகைக்குக் கொடுத்த மனையை விரைவாக மீட்கும் வழியை உடையவருக்கு அளித்தது. ஊசற்கட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று.

ஏழைகளுக்கிடையிலான வாடகை பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடப்பதென்பதையும் மறத்தலாகாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசின் உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டின் விதி. உறுதி எழுதப் பணமில்லாதவர் மாதத்துக்கு மாதம் என்னும் கணக்கிலேயே இருபது ஆண்டும் குடியிருப்பர். பற்றுச்சீட்டும் இராது. பிணக்கு வரும்நாளில் இருவர் கையிலும் சான்றில்லை. குரலின் உரப்பும் உறவினரின் தொகையுமே தீர்ப்பு வழங்கும்.

குடியாளர் பக்கத்துப் பிழையையும் மறைக்கலாகாது. மறைத்தால் நம் நேர்மை பழுதுபடும். கையில் பணமிருந்தும் வாடகையைப் பின்போடுபவர் உளர். சொந்த வீட்டை உயர்ந்த வாடகைக்கு விட்டுவிட்டு, மலிந்த வாடகையில் விதவை வீட்டில் அசையாதிருப்பவர் உளர். வழக்கின் தாமதத்தையே ஆயுதமாக்கி, வயது முதிர்ந்தவர் களைத்துச் சமரசத்துக்கு வரட்டுமெனக் காத்திருப்பவரும் உளர். இவர்கள் குடியாளர் என்ற பெயரால் ஏழைகள் ஆகிவிடமாட்டார். வலியவர் மெலியவரின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எப்பெயரில் நடந்தாலும் அது பறிப்பே. கடற்பங்கின் நியாயம் இங்கும் பொருந்தும்: மீன் பட்ட நாளிலே பிடியை மறைப்பவனைக் கூட்டாளிகள் மன்னிப்பதில்லை. கெட்டகாலத்தில் பொறுதி கேட்பவர் நல்லகாலத்தில் கணக்கை மறைத்தல் தகாது.

வீடு யாருடையது என்னும் கேள்வியை யாழ்ப்பாணத்தவர் அனைவரும் ஒருமுறை கேட்க நேர்ந்தது. 1995 ஒக்தோபர் 30ஆந் திகதி வலிகாமமும் நகரும் ஒரே இரவில் வெறிச்சோடின. இலட்சக்கணக்கான மக்கள் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். பெரிய வீட்டுக்காரரும் தொடர்மாடிக் குடியாளரும் சாவகச்சேரியிலே பிறர் திண்ணையில் இடம் கேட்டு நின்றனர். சிலர் திண்ணையை இலவசமாகக் கொடுத்தனர். சிலர் மாட்டுக் கொட்டிலுக்கும் வாடகை வாங்கினர். உடைமை, பத்திரப் பெட்டிக்குள் பாதுகாப்பாக இருந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை. இந்நினைவை நாம் அடிக்கடி பேசுகிறோம். இதற்குச் சரியாக ஐந்தாண்டு முன்னர், 1990 ஒக்தோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும், சோனகதெருவின் வீடுகள் உரியவரின்றி நின்றதையும் நாம் அத்துணை உரக்கப் பேசுவதில்லை. குருநகரிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள வீடுகள் அவை. தமக்கு இழைக்கப்பட்ட இடப்பெயர்வை மட்டும் நினைவிற் கொள்ளும் மனச்சாட்சி அரைகுறையானது.

போர்க்காலத்தில் வடக்கெங்கும் இடம்பெயர்ந்தோர் இல்லாதவரின் வீடுகளில் ஒதுங்கினர். உயிர் காக்க ஒதுங்கியது குற்றமன்று. ஆனால் பத்தாண்டு எதிரிடையாக ஆண்டால் உரிமை பிறக்கும் என்னும் 1871ஆம் ஆண்டின் விதி, ஓடிப்போனவரின் வீட்டை ஒதுங்கியவருக்கு உரிமையாக்கிவிடக் கூடியதாயிருந்தது. 1983 மே முதல் 2009 மே வரை வழக்காட முடியாதிருந்தவர்களின் பொருட்டு 2016இல் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காலத்தைக் கணக்கிடுமுன், அக்காலத்தில் மனிதருக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்ட சட்டம் அது. நமது வாதத்துக்கு அது துணைநிற்கிறது.

இனிப் பூட்டிய வீடுகளுக்கு வருவோம். பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரின் வீடுகள் நகரெங்கும் பூட்டிக் கிடக்கின்றன. வருடத்தில் மூன்று வாரத் திருவிழாவுக்குத் திறக்கும் வீடும் உண்டு. அவர் அச்சத்துக்குக் காரணம் உண்டு: விட்டால் மீட்க முடியாது என்பர். அவர்தம் நினைவும் ஏக்கமும் அவ்வீட்டிலே கிடக்கின்றன என்பதையும் மதிக்கிறோம். ஆயினும் ஓரறைக்குள் இரு குடும்பம் திரைகட்டி உறங்கும் ஊருக்கு அருகே ஐந்தறை வீடு வெளவாலுக்கு விடப்படுவது, சட்டத்தில் குற்றமாகாவிடினும் அறத்தில் குற்றமே. வாடகைக்கு விடுபவரைச் சுரண்டுபவர் என ஏசும் நாம், பூட்டி வைத்திருப்பவரை ஏசுவதில்லை. அவர் கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருகிறார்.

குடியாளரைத் தெரிந்தெடுக்கும் முறையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். "எந்தப் பகுதி?", "தகப்பன் என்ன தொழில்?", "மச்சம் சமைப்பீர்களோ?" என்ற வினாக்களின் பொருள் நாம் அறியாததன்று. குருநகர்ப் பெயரைச் சொன்னவுடன் "ஏற்கெனவே ஆள் பேசியாயிற்று" என்ற விடை வருவதும் உண்டு. கோயிற் கதவும் தேநீர்க்கடைக் கதவும் போராடித் திறக்கப்பட்டன. வாடகை வீட்டுக் கதவோ ஓசையின்றிச் சாத்தப்படுகிறது; அதற்குச் சாட்சியுமில்லை, வழக்குமில்லை. முற்போக்காளர் என்பதற்கு நம்மில் வீடுடையோர்க்கு இதனினும் கடுஞ்சோதனை வேறில்லை.

முடிவாக என் செய்வது? 1923 தொடக்கம் 1934 வரை வியன்னா நகரசபை, வசதியுடையோர்மீது படிப்படியாக ஏறும் வீட்டுவரியை விதித்து, 60,000க்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. வாடகையைப் பராமரிப்புச் செலவின் அளவோடு நிறுத்திற்று. நாம் மேலே கூறிய மூன்று கூறுகளில் முதலாவதையே அந்நகரம் குடியாளரிடம் வாங்கிற்று எனலாம். பொதுவீடமைப்பே நிலையான தீர்வு என்பதற்கு அது சான்று. அதனைக் கோரிப் போராடுவது நம் கடமை. ஆனால் அது வரும்வரை அறம் விடுமுறையில் இருக்க முடியாது. உடையவர் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். திருத்தத்தைத் தம் கடனாகக் கொள்ளலாம். மந்தகாலத்து வாடகையைத் தாழ்த்தலாம். எழும்பச் சொல்வதாயின் பிள்ளையின் பள்ளித் தவணை முடியும்வரை பொறுக்கலாம். குடியிருப்பவர் உண்மையான நிலையை மறைக்காது சொல்லலாம். உடையவரின் தேவை தம் தேவையிலும் பெரிதானால் வழக்கின்றி எழும்பலாம். கடற்றொழிலாளர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இருபுறத்தையும் கேட்டுத் தீர்க்கும் சிறு குழுக்களை அமைக்கலாம். பூட்டிய வீடுகளுக்கு மீட்பு உறுதியளித்துக் குடியமர்த்தும் பொறுப்பையும் ஏற்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வாடகைக்கு விடுவது நேர்மையான சீவனமா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடையில்லை. உழைத்த கையின் சேமிப்பு, மற்றொரு உழைப்பாளியின் கெட்டநாளிற் பங்கேற்குமாயின் நேர்மையானதே. பங்கேற்க மறுத்துப் பங்கு மட்டும் கேட்குமாயின் அன்று. வாடகை நாள் வரும்போது, வாங்கும் கையாயினும் கொடுக்கும் கையாயினும், நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது இவ்வளவே: இந்த மாதம் கடல் எப்படி இருந்தது?